புரோட்டாப் போர்வைக்குள் சாசேஜும் சீஸும்

தீபாவளி நெருங்குகிறது. சிராங்கூன் சாலையில் விளக்குகள் ஏறிவிட்டன. கேம்பல் லேன் பக்கம் போனால் தோரணமும் அகல்விளக்கும் வாங்க வந்த கூட்டத்தில் நடக்க இடமில்லை. இந்தப் பத்தியில் ஆண்டுதோறும் இந்த நேரத்தில் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை என்று எழுதுவது வழக்கம். இவ்வாண்டு கொஞ்சம் மாற்றம். வீட்டிற்கு வரும் பிள்ளைகள் முதலில் காலி செய்யும் தட்டைப் பற்றி எழுதப் போகிறேன்.

அது முறுக்குத் தட்டு அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். ஒரு விரல் நீளத்தில், மேலே பொன்னிறமாய்ப் பொரிந்து, உள்ளே சாசேஜும் உருகிய சீஸும் இருக்கிற அந்தச் சின்னச் சுருள்தான். அலுவலக விருந்து, பிறந்தநாள், பள்ளி நிகழ்ச்சி என எங்கே உணவு வரவழைத்தாலும் ஒரு மூலையில் அது இருக்கும். வீவக வட்டார பேக்கரிகளில் சாசேஜ் பன்னாகவும் இருக்கும். அதை வீட்டில் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடியும். அதுவும் மாவு பிசையாமல், வெண்ணெய் மடிக்காமல், ஒரு மணி நேரத்தில்.

செய்வது எளிது. யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்பதுதான் நம் ஊரில் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். இரண்டையும் இந்த வாரம் பார்த்துவிடுவோம்.

எங்கிருந்து வந்தது?

மாவுக்குள் இறைச்சியைச் சுருட்டிச் சுடுவது ஐரோப்பியப் பழக்கம். பிரிட்டிஷ்காரர்கள் அரைத்த இறைச்சியை அடுக்கு மாவுக்குள் வைத்துச் சுட்டு 'சாசேஜ் ரோல்' என்றார்கள். அமெரிக்கர்கள் சின்ன சாசேஜை மாவில் சுற்றி, 'போர்வைக்குள் பன்றிக்குட்டிகள்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பிரிட்டனில் அதே பெயரைச் சொன்னால் மாவு இருக்காது, பன்றி இறைச்சித் துண்டில் சுற்றிய சாசேஜ் வரும்.

சிங்கப்பூருக்கு வந்ததும் பன்றி கோழியானது. சீன பேக்கரிகள் இனிப்பான மென்ரொட்டி மாவைக் கயிறாகத் திரித்து சாசேஜைச் சுற்றின. மலாய், இந்திய முஸ்லிம் கடைகளில் ஹலால் கோழி சாசேஜ் உள்ளே போனது. அடுக்கு மாவுக்குள் காரமான பூரணம் வைக்கும் பழக்கம் நமக்குக் கறிப்பாப்பிலேயே இருந்ததால், இந்தப் புதுப் பண்டம் யாருக்கும் அந்நியமாகத் தெரியவில்லை.

பிறகு நம் ஊர் இல்லத்தரசிகள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். அடுக்கு மாவுக்குப் பதில் உறைய வைத்த புரோட்டா. பேரங்காடியில் ஐந்தைந்தாய்ப் பொதியில் வரும் அதே வெறும் புரோட்டாதான். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கல்லில் வீசிப் பரப்பிய புரோட்டா, இன்று இயந்திரத்தில் தட்டையாகி, இரண்டு நெகிழித் தாள்களுக்கு நடுவே உறைந்து கிடக்கிறது. அதை ஓவனில் வைத்தால் அடுக்கடுக்காய் எழும்புகிறது. எனக்கு வெண்ணெய் அடுக்கு மாவைவிட இதன் மொறுமொறுப்புதான் பிடித்திருக்கிறது.

என்னென்ன வேண்டும்?

40 சுருள்களுக்கான அளவு இது. பத்துப் பன்னிரண்டு விருந்தினருக்கு மற்றப் பலகாரங்களோடு போதும்.

உறைய வைத்த வெறும் புரோட்டா – 10 (இரண்டு பொதி)
கோழி சாசேஜ், சுமார் 12 சென்டிமீட்டர் நீளம் – 10
செடார் சீஸ் கட்டி – 150 கிராம்
முட்டை – 1
பால் – 1 மேசைக்கரண்டி
இட்லிப் பொடி – 2 மேசைக்கரண்டி
கருஞ்சீரகம் அல்லது எள் – 1 மேசைக்கரண்டி

இட்லிப் பொடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்த வேண்டாம். எண்ணெய் கலக்காமல் ஒரு சிட்டிகை உள்ளே தூவினால் போதும். பருப்பு வாசனையும் மிளகாய்க் காரமும் சீஸின் கொழுப்பை வெட்டிக்கொடுக்கும். தக்காளி சாஸ் பாட்டிலைப் பிள்ளைகள் தேடுவதும் குறையும். ஈரமான சட்னியை உள்ளே தடவ வேண்டாம். மாவு அடியில் வேகாமல் சொதசொதவென்று நின்றுவிடும். சட்னி வேண்டுமென்றால் பக்கத்தில் கிண்ணத்தில் வையுங்கள். புதினாவைக் கெட்டித் தயிரில் அரைத்தது இதற்கு நல்ல துணை.

செய்முறை

முதலில் சீஸை 3 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் கனமுள்ள குச்சிகளாக 40 துண்டு போட்டு, உறைபெட்டியில் 20 நிமிடம் வையுங்கள். சாசேஜ்களைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் நீளவாக்கில் ஒரு கீறல். கத்தி மறுபக்கம் வரை போய்விடக் கூடாது. கீறலுக்குள் ஒரு சீஸ் குச்சியைச் செருகுங்கள். ஈரம் இருந்தால் சமையலறைத் தாளால் ஒற்றி எடுங்கள்.

ஓவனை 200 டிகிரி செல்சியசில் சூடேற்றத் தொடங்குங்கள். அதன் பிறகுதான் புரோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு போதும். ஐந்து நிமிடத்தில் வளையும் பதத்துக்கு வரும். நெகிழித் தாளோடு வைத்தே நான்கு முக்கோணங்களாக வெட்டுங்கள். வளைந்த ஓரத்தில் இட்லிப் பொடியைத் தூவி, சீஸ் பக்கம் மேலே இருக்கும்படி சாசேஜை வையுங்கள். இரு பக்க மூலைகளையும் சாசேஜின் மேல் மடித்து, முனையை நோக்கிச் சுருட்டுங்கள். வெற்றிலை மடிப்பது போலத்தான். இரு முனைகளும் மூடியிருக்க வேண்டும்.

முனை அடிப்பக்கம் வரும்படி பேக்கிங் தாளில் இடைவெளி விட்டு அடுக்கி, பாலில் அடித்த முட்டையை மேலே மெல்லிதாகத் தடவி, கருஞ்சீரகம் தூவுங்கள். 18 முதல் 22 நிமிடம். மேலே பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடாமல், ஒன்றைத் திருப்பி அடியைப் பாருங்கள். அடியும் சிவந்திருந்தால்தான் வெந்தது.

ஏர் ஃபிரையர் மட்டுமே உள்ளவர்கள் 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் வைக்கலாம். ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்க வேண்டும் என்பதால் நான்கைந்து தடவை போட வேண்டியிருக்கும்.

ஏன் இப்படி?

புரோட்டாவை ஏன் பாதி உறைந்த நிலையிலேயே சுருட்டச் சொல்கிறேன்? மாவு அடுக்குகளுக்கு நடுவே கொழுப்புப் படலம் இருக்கிறது. ஓவன் சூட்டில் மாவிலுள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும்போது, இந்தக் கொழுப்புதான் அவை ஒட்டாமல் காக்கிறது. நம் சமையலறை வெப்பம் பகலில் 30 டிகிரிக்குக் குறையாது. அங்கே அரை மணி நேரம் கிடந்தால் கொழுப்பு இளகி மாவோடு கலந்துவிடும். பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் அடுக்கு எழும்பாது, தடித்த சப்பாத்திதான் கிடைக்கும். ஓவன் முன்கூட்டியே சூடாகியிருக்க வேண்டும் என்பதற்கும் இதே காரணம். மெதுவாகச் சூடேறினால் ஆவி வருமுன் கொழுப்பு வழிந்துவிடும்.

மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன்களில் குமிழ் காட்டும் வெப்பமும் உள்ளே இருக்கும் வெப்பமும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால், கேக் முதல் நான்கத்தாய் வரை எல்லாவற்றுக்கும் உதவும்.

அடுத்தது சீஸ். வழிந்தோடி தட்டில் கருகும் சீஸ்தான் இந்தப் பண்டத்தில் பலருக்கும் தலைவலி. பாலிலிருந்து நேரடியாகச் செய்து பதப்படுத்திய செடாரைச் சூடாக்கினால், ஒரு கட்டத்துக்கு மேல் கொழுப்பு தனியே பிரிந்து ஓடும். அதனால்தான் அதை உறைய வைத்துச் செருகுகிறோம். வெளியே மாவு வெந்து இறுகும் நேரத்தில்தான் உள்ளே சீஸ் உருகத் தொடங்கும்.

டப்பாவிலும் தனித்தனித் தாள் சுற்றியும் வரும் 'பிராசஸ்டு' சீஸ் வேறு ரகம். சுவிட்சர்லாந்தில் 1911இல் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் சிட்ரேட் உப்பு சேர்த்துச் சீஸை உருக்கிக் கெடாமல் வைக்க வழி கண்டார்கள். 1916இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தமது முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்த உப்புகள் பால் புரதத்தைக் கொழுப்போடும் நீரோடும் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் சூட்டில் பிரிவதில்லை. குளிர்பதனப் பெட்டி எல்லார் வீட்டிலும் இல்லாத காலத்தில், நம் பகுதி வெயிலுக்குத் தாக்குப்பிடித்த சீஸ் அதுதான். இந்தச் சுருளுக்கு அதுவும் பொருந்தும். ஆனால் உப்பு கூடுதல். அதைப் பிறகு சொல்கிறேன்.

பொதியின் பின்பக்கம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். தீபாவளியன்று நம் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? சொந்தக்காரர்கள், அவர்களில் சில சைவக்காரர்கள். மலாய் அண்டைவீட்டார். அலுவலகத்துச் சீன நண்பர்கள், அவர்களில் குவான் யின் வழிபாட்டால் மாட்டிறைச்சி தொடாதவர்களும் உண்டு. பிள்ளைகளின் பள்ளித் தோழர்கள். ஒரே தட்டை நீட்டுகிறோம். சுருட்டி மூடிய பண்டம் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நம் சொல்லை நம்பித்தான் வாயில் போடுகிறார்கள்.

'கோழி சாசேஜ், ஹலால் முத்திரை இருக்கிறது, அப்புறம் என்ன?' என்று பலரும் நினைக்கிறார்கள். ஹலால் முத்திரை முஸ்லிம் விருந்தினருக்கு உறுதி தருகிறது. முயிஸ் 1978ஆம் ஆண்டு முதல் ஹலால் சான்றிதழ் வழங்கிவருகிறது. ஆனால் ஹலால் என்றால் மாடு இல்லை என்று பொருளல்ல. முறைப்படி அறுக்கப்பட்ட மாடும் ஹலால்தான்.

கோழி சாசேஜில் மாடு எங்கிருந்து வரும்? தோலிலிருந்து வரலாம். சாசேஜின் தோல் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, ஆடு அல்லது பன்றியின் குடல். இரண்டாவது, கொலாஜன் எனப்படும் புரதத்தில் செய்த உறை. இது பெரும்பாலும் மாட்டுத் தோலிலிருந்து எடுக்கப்படுகிறது. மூன்றாவது, செல்லுலோஸ் என்ற தாவரப் பொருளில் செய்த உறை. வேகவைத்த பிறகு ஆலையிலேயே இதை உரித்து எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1920களில் வளர்ந்த தொழில்நுட்பம் இது. பொதியில் 'ஸ்கின்லெஸ்' என்று போட்டிருப்பது இந்த வகையைத்தான்.

ஆக, மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் வரும் வீட்டில் தோலில்லாத கோழி சாசேஜ் வாங்குவதே நிம்மதி. பொதியின் பின்பக்கம் உள்ள சேர்மானப் பட்டியலில் 'பீஃப்', 'போவைன்', 'கொலாஜன் கேசிங்' ஆகிய சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிங்கப்பூரில் பொதி உணவுகளின் சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதல் சொல் கோழியா, நீரா, மாவா என்பதை வைத்தே தரத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தச் சாமான்களை வாங்க நாம் போகிற வட்டாரமே மாட்டால் உருவானது. 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பகுதி மாட்டு வணிகத்துக்குப் பேர்போனது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாயில் எருமைத் தொழுவம். கேகே மருத்துவமனையின் இரண்டு எழுத்துகளும் அதிலிருந்து வந்தவைதான். தேக்கா என்பதோ ஹொக்கியன் மொழியில் மூங்கில் அடி. எருமைத் தொழுவம் இருந்த இடத்துக்குப் பக்கத்துச் சந்தையில் ஆடு ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம், வாழை இலையும் கறிவேப்பிலையும் இன்னொரு பக்கம் என எல்லாரும் அவரவர் கடைக்குப் போய் வாங்கி வருகிறோம். சந்தையில் கடைக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். மூடிய பொதிதான் பேசாது. நாம்தான் திருப்பிப் படிக்க வேண்டும்.

பெரியம்மாவின் கேள்வி

போன ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்த பெரியம்மா இந்தத் தட்டைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். எழுபத்தெட்டு வயது. ஊரிலும் சரி, இங்கும் சரி, மாடு தொட்டதில்லை.

“இதுல மாடு கீடு இருக்காடி?” என்றார்.

“இல்ல பெரியம்மா. கோழிதான்.”

“கோழின்னுதான் எல்லாரும் சொல்றாங்க. கவர் இருக்கா?”

கவரை எடுத்து வந்தேன். ஆங்கிலம் படிக்க வராதவர். இருந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “ஒவ்வொண்ணா படி” என்றார். படித்தேன். கோழி இறைச்சி, நீர், தாவர எண்ணெய், மாவுச்சத்து, சோயா புரதம், உப்பு, மசாலா, நிறம் காக்கும் பொருள். தோலில்லாதது என்று முன்பக்கம் போட்டிருந்ததையும் காட்டினேன். சீஸ் கவரையும் கேட்டார். அதையும் படித்தேன். சமையலறையிலிருந்த என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்குப் போய்விட்டாள்.

பெரியம்மா ஒன்று எடுத்துத் தின்றார். “உப்புக் கரிக்குது” என்றார். பிறகு இன்னொன்று எடுத்தார்.

அவர் கேட்டதில் எனக்குக் கோபமில்லை. எழுபது ஆண்டுக்கும் மேலாகக் காத்துவந்த ஒரு பழக்கத்தை என் ஒரு வார்த்தையை நம்பி விட முடியாதல்லவா? எல்லாரும் பெரியம்மாவைப் போலக் கேட்கமாட்டார்கள். சங்கடப்பட்டுக்கொண்டு, 'வயிறு நிறைந்துவிட்டது' என்று சொல்லிப் போய்விடுவார்கள். அதனால் இப்போது நான் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைத்துவிடுகிறேன். 'கோழி, சீஸ், முட்டை. மாடு, பன்றி இல்லை' என்று ஒரு வரி. பொதி உறைகளையும் அன்று மாலை வரை குப்பையில் போடுவதில்லை.

முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால், பொருள்கள் மட்டுமல்ல, பாத்திரமும் அடுப்பும் அவர்களுக்கு முக்கியமாக இருக்கலாம். சிலர் நம் வீட்டில் சமைத்ததைச் சாப்பிடுவார்கள், சிலர் கடையிலிருந்து வந்ததை மட்டும்தான். இதில் வழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். அழைக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. எங்கள் மாடியிலிருக்கும் கக்காக்கிடம் ஒருமுறை கேட்டேன். புதிய அலுமினியத் தட்டில் சுட்டால் போதும் என்றார். அன்றிலிருந்து அவருக்கென ஒரு தட்டு தனியே. தயங்குபவரை, 'ஒன்றே ஒன்று' என்று வற்புறுத்த வேண்டாம். நம் பக்கத்தில் உபசாரம் என்பது வற்புறுத்தல்தான் என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அதை விட்டுவிடலாம்.

சைவத் தட்டு

சைவக்காரர்களுக்கு சாசேஜை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. சீஸையும் பார்க்க வேண்டும். பாலை உறையவைக்கும் ரென்னெட் என்ற நொதி, பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இன்று நுண்ணுயிர்களிலிருந்து எடுத்த ரென்னெட்டும் பரவலாகப் பயன்படுகிறது. பொதியில் 'மைக்ரோபியல் ரென்னெட்' அல்லது 'வெஜிடேரியன்' என்று இருந்தால் சைவம். வெறுமனே 'ரென்னெட்' என்று மட்டும் இருந்தால் கடுஞ்சைவக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.

சோயாவில் செய்த சைவ சாசேஜ்கள் கிடைக்கின்றன. அவற்றிலும் பலவற்றில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதுண்டு. நம் சைவத்தில் முட்டை கிடையாது. சீன பௌத்த சைவத்தில் பலர் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. இட்லிப் பொடியில் பூண்டு இருந்தால் அவர்களுக்கு ஆகாது.

எல்லாச் சிக்கலுக்கும் நம்மிடமே தீர்வு இருக்கிறது: பனீர். எலுமிச்சை போன்ற புளிப்பு சேர்த்துத் திரித்தெடுப்பதால் இதில் ரென்னெட் தேவையில்லை. சூட்டில் உருகி ஓடாது என்பதால் வழியும் பயமும் இல்லை. பனீரை சாசேஜ் கனத்துக்கு நீளத் துண்டுகளாக வெட்டி, மிளகுத்தூள், சீரகத்தூள், சிட்டிகை உப்பு பிரட்டி, அதே போலச் சுருட்டுங்கள். இழுபடும் சீஸ் வேண்டுமென்றால் சைவ ரென்னெட்டில் செய்த மொஸரெல்லாவைக் கொஞ்சம் துருவி உள்ளே வையுங்கள். மேலே முட்டைக்குப் பதில் பால். பளபளப்பு சற்றுக் குறையும், நிறம் வரும். புரோட்டாப் பொதியிலும் முட்டை இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவத் தட்டை முதலில் சுட்டு எடுத்துவிடுங்கள். பிறகுதான் கோழி. கத்தியும் பலகையும் தனி. வடிவம் ஒன்றாக இருப்பதால், சைவத்துக்கு எள், கோழிக்குக் கருஞ்சீரகம் என்று மேலே தூவி வேறுபடுத்துங்கள். தட்டு மாறினாலும் ஆள் மாறாது.

உப்புக் கணக்கு

பெரியம்மா சொன்னது சரிதான். இது உப்பான பண்டம். பொதிகளில் உள்ள ஊட்டச்சத்து அட்டவணைகளை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். சாசேஜ், சீஸ், புரோட்டா மூன்றும் சேர்ந்து ஒரு சுருளில் ஏறக்குறைய 170 முதல் 200 மில்லிகிராம் சோடியம் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. அதாவது பத்துப் பன்னிரண்டு சுருள் தின்றால் அன்றைய அளவு முடிந்துவிடும். பேசிக்கொண்டே தின்றால் பத்து ஒன்றும் பெரிதில்லை. சிங்கப்பூரர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 3,600 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்வதாக 2022ஆம் ஆண்டு தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சொன்னது. தீபாவளி இல்லாத நாள்களிலேயே இந்தக் கணக்கு.

சாசேஜின் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணமான நைட்ரைட், பொதியில் '250' என்ற எண்ணோடு வரும். ஆபத்தான கிருமிகள் வளராமல் தடுக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். அதே நேரத்தில், பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 அக்டோபரில் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் தின்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 விழுக்காடு கூடும் என்பது அதன் மதிப்பீடு. தினமும் என்ற சொல்லைக் கவனியுங்கள். பண்டிகையன்று நாலு சுருள் தின்பது வேறு, நாள்தோறும் பிள்ளையின் பள்ளி உணவுப் பெட்டியில் சாசேஜ் வைப்பது வேறு. முன்னதற்கு நான் செய்முறை தருகிறேன். பின்னதற்குத் தரமாட்டேன்.

குறைக்க வழியுண்டு. இட்லிப் பொடியை உப்பில்லாமல் அரைத்து வைக்கலாம். பிராசஸ்டு சீஸைவிடச் சாதாரண செடார் அல்லது மொஸரெல்லா உப்புக் குறைவு. சாசேஜ் பொதிகளை ஒப்பிடும்போது 100 கிராமுக்கு எவ்வளவு சோடியம் என்ற பத்தியைப் பாருங்கள். ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு பொதிகளுக்குள் நல்ல வித்தியாசம் இருக்கும். தட்டில் பாதியைப் பனீர் சுருளாக்கிவிட்டால் சோடியமும் குறையும், யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில்

இதை மட்டும் தயவுசெய்து படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். சாசேஜ் உருண்டையாக, வழவழப்பாக, பிள்ளையின் தொண்டையின் அளவில் இருக்கிறது. ஓடியாடிக்கொண்டே கடிக்காமல் விழுங்கினால் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுப்பதானால், சாசேஜை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு பொடியாக வெட்டிக் கொடுங்கள். குறுக்கே வட்டமாக வெட்டினால் அது ஒரு மூடியாகத்தான் மாறும். உட்கார வைத்துக் கொடுங்கள். சுடச்சுட எடுத்த சுருளுக்குள் சீஸ் வெளியே தெரிவதைவிடச் சூடாக இருக்கும். பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

முதல் நாளே செய்து வைக்கலாமா?

தாராளமாக. முதல் நாள் இரவு சுருட்டி, தட்டோடு மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். விருந்தினர் வரும்போது முட்டை தடவி, பெட்டியிலிருந்து நேரே சூடான ஓவனுக்குள் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கூட ஆகும். உள்ளே நடுப்பகுதி 75 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும்.

சுட்ட பிறகு மேசையிலேயே நாள் முழுதும் வைக்காதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் வரவேற்பறை அதற்கு நடுவில் இருக்கிறது. தீபாவளிக்குக் காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். 40ஐயும் ஒரே நேரத்தில் சுடாமல், பத்துப் பத்தாகச் சுட்டால் எல்லாருக்கும் சூடாகவும் கிடைக்கும், மிச்சமும் ஆகாது. இரண்டு மணி நேரத்துக்குள் தீராததைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் ஓவனில் 180 டிகிரியில் எட்டு நிமிடம் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் புரோட்டா தோல் போல இழுபடும்.

செய்து பார்த்து, உங்கள் வீட்டுப் பக்குவத்தை எழுதி அனுப்புங்கள். இட்லிப் பொடிக்குப் பதில் சம்பால் இக்கான் பிலிஸ் வைப்பதாக ஒரு தோழி சொன்னார். இன்னும் நான் செய்து பார்க்கவில்லை. இந்த வார இறுதியில் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அடுத்த வாரம் வழக்கம்போல முறுக்குக்குத் திரும்புவோம். மாவு பிழியும்போது ஏன் உடைகிறது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள்.